தவிட்டு அமிலமும் லிக்னினும் கலந்த தீத்தடுப்பு பி.எல்.ஏ. இழை: ஒரு மதிப்புரை

மக்கும் பிளாஸ்டிக்குகளில் அதிகம் புழங்கும் பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம்) எளிதில் தீப்பற்றும்; அதைவிடக் கவலைக்குரியது, எரியும்போதே உருகிச் சொட்டி, கீழே கிடக்கும் பொருளுக்கும் தீயைக் கொண்டுபோவது. மின்சாதன உறைகளுக்கு அதைப் பயன்படுத்தப் பலரும் தயங்குவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். புரோமின் சேர்ந்த பழைய தீத்தடுப்பான்களைக் கலந்து இக்குறையைச் சரிசெய்யலாம் என்றாலும், அவற்றுள் ஒன்றான டெக்காபிடிஇ 2017இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. மக்குவதற்கென்றே உருவாக்கிய பொருளில் எளிதில் சிதையாத நஞ்சைக் கலப்பது அடிப்படை நோக்கத்துக்கே முரணானது. ஆகவே, தாவர, விலங்கு மூலப்பொருட்களை மட்டுமே கொண்டு தீயைத் தடுப்பதாகக் கூறும் இந்த 3டி பிரிண்டர் இழையை மிகுந்த எதிர்பார்ப்புடன் வாங்கிச் சோதித்தேன்.

இதில் கலந்திருப்பவை மூன்று: தவிட்டிலும் விதைகளிலும் உள்ள பைட்டிக் அமிலத்தின் உப்பு, இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான், காகிதக்கூழ் ஆலைகளில் மிஞ்சும் லிக்னின். பைட்டிக் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறு பாஸ்பேட் தொகுதிகள் இருப்பதால், அதன் எடையில் கால்பங்குக்கும் மேல் பாஸ்பரஸ்தான். சூடேறும்போது உண்டாகும் பாஸ்பாரிக் அமிலம், லிக்னினிலிருந்து நீரை உறிஞ்சி அதைக் கரியாக்குகிறது. கைட்டோசானிலுள்ள நைட்ரஜன் எரியாத வாயுக்களாக வெளியேறி அந்தக் கரியை உப்பச் செய்கிறது. உப்பிய கரிப்படலம், உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கை வெப்பத்திலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும் பிரித்துவைக்கிறது.

சாதாரண பி.எல்.ஏ. பட்டையையும் இந்த இழையில் அச்சிட்ட பட்டையையும் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழே பஞ்சு வைத்து, ஒரே அளவு சுடரைக் காட்டினேன். சாதாரணப் பட்டை பற்றியதும் எரிதுளிகளைச் சொட்டிப் பஞ்சைக் கொளுத்தியது. இந்தப் பட்டையின் நுனியோ கறுத்து, நுரைபோலப் பொங்கி, சுடரை விலக்கியதும் அணைந்துவிட்டது. ஆறியபின் நகத்தால் கீறிப் பார்த்தபோது, மேலே பொடியும் கரிக்கு அடியில் நிறம் மாறாத பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. தவிட்டிலும் ஓட்டிலும் கிடைக்கும் கழிவுகள் இவ்வளவு செய்வதைக் கண்ணால் காண்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆய்வகத் தரச்சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

எனது முக்கியக் குறை பொருளின் மீதன்று, அதன் விளம்பரத்தின் மீது. பெட்டியின் முகப்பில், பிளாஸ்டிக்கின் தீத்தடுப்பைக் குறிக்கும் 'யூ.எல். 94 வி-0' என்ற தரக்குறியைப் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். பத்து விநாடி வீதம் இருமுறை சுடர் காட்டியும், ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்குள் தீ அணைந்து, பஞ்சைக் கொளுத்தும் துளி எதுவும் விழாமல் இருந்தால்தான் அந்தத் தரம் கிடைக்கும். அத்தரம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட தடிமனுக்கே உரியது. இந்த இழைக்கு அது 3.2 மில்லிமீட்டர் என்பது, தரவுத்தாளின் அடியில் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. 3டி பிரிண்டரில் அச்சிடும் பெட்டிகளின் சுவர் பெரும்பாலும் அதில் பாதிகூட இருப்பதில்லை. உள்ளே காற்றிடைவெளியும் உண்டு. மெல்லிய சுவர் கொண்ட ஒரு மாதிரியைச் சோதித்தபோது, கரிப்படலம் உருவாவதற்குள் ஓரம் உருகித் துளி விழுந்தது. முகப்பை மட்டும் நம்பி மெல்லிய உறை செய்பவருக்கு வி-0 பாதுகாப்பு கிடைக்கும் என்று எண்ண இடமில்லை.

தீத்தடுப்பை வெப்பத்தாங்குதிறனோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. இந்தத் தீத்தடுப்புச் சேர்மானங்கள் கலந்தாலும் பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். சூடாகும் மின்பாகங்களுக்கு அருகில் இந்த உறையும் வளைந்துபோகும்.

அச்சிடுவதில் பொறுமை வேண்டும். பைட்டேட் உப்பு ஈரத்தை ஈர்ப்பதால், நன்கு உலர்த்தாத இழை, பிரிண்டரின் சூடான முனையில் படபடவெனப் பொரிந்து, மேற்பரப்பில் சிறு குழிகளை விடுகிறது; உருகிய நிலையில் அந்த ஈரம் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளையும் அறுப்பதால், அச்சுப்பொருள் நொறுங்கும் தன்மை பெறுகிறது. உலர்த்திய பிறகும் சாதாரண பி.எல்.ஏ.வைவிட வளையும் தன்மை குறைவுதான். திருகாணி இறுக்கும் இடங்களைத் தடிமனாக வடிவமைப்பது நல்லது. நிறம் லிக்னினின் பழுப்பு மட்டுமே.

மக்குதலுக்கு நிறுவனத்தார் காட்டும் இ.என். 13432 என்ற ஐரோப்பியத் தரச்சான்று, சேர்மானம் கலக்காத மூல பி.எல்.ஏ.வுக்கு உரியது. கலவை முழுவதற்கும் தனிச் சோதனை தேவை. அச்சோதனையும் தொழிற்சாலை உரக்கிடங்கின் வெப்பநிலையைத்தான் கருதுகிறது, வீட்டுத் தோட்டக் குழியை அன்று. கலவைக்கான சான்றை நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை மிஞ்சிய துண்டுகளை உரக்கழிவில் சேர்க்காமல் தனியே வைத்திருக்கிறேன். தடித்த சுவர் கொண்ட, சூடேறாத பாகங்களுக்கு இதைத் தயக்கமின்றி வாங்கலாம். மெல்லிய உறைகளுக்கு வேண்டாம்.