கத்தரிக்குத் தண்ணீர்ப் பொறி: ஒரு சாகுபடிப் பட்டம் வைத்துப் பார்த்ததில்

கத்தரி போட்டவர்கள் எல்லோருக்கும் காய்க்குள் இருக்கும் அந்த இளஞ்சிவப்புப் புழுவை, அதாவது காய்த்துளைப்பானைத் தெரியும். அதன் தாய்ப்பூச்சியை நான் ஒழுங்காகப் பார்த்தது, வாசனையால் பூச்சியை இழுத்துத் தண்ணீரில் விழவைக்கும் இந்தப் பொறியை மாட்டிய பிறகுதான்.

முதலில் ஏமாந்த கதை. கடையில் 'கத்தரிக்கு லூர்' (பொறியில் வைக்கும் வாசனைத் துண்டு) என்று கேட்டதற்குப் புரொடீனியா என்ற வேறொரு புழுவுக்கான லூரைக் கொடுத்துவிட்டார்கள், நானும் பாக்கெட்டைப் படிக்காமல் மாட்டிவிட்டேன். பத்து நாளாகப் பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய அந்துப்பூச்சிகளாக விழுகின்றன, கத்தரிக் குருத்தோ வாடிக்கொண்டே போகிறது. காய்த்துளைப்பானின் அந்துப்பூச்சி அப்படி இருக்காது. இறக்கையை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர்தான் வரும், வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள், உட்காரும்போது இறக்கையை விரித்து வைத்து வயிற்று நுனியை மேலே தூக்கிக்கொள்ளும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. பாக்கெட்டில் 'லூசின் லூர்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரியான லூர் போட்ட மறுநாள் காலையிலேயே தண்ணீரில் ஏழெட்டு கிடந்தன, அத்தனையும் ஆண். பெண் பூச்சி விடும் வாசனையைத்தான் லூரில் வைத்திருக்கிறார்கள், அதனால் பெண் இதில் விழாது. ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் இரவில் இலையின் அடியில் முட்டை வைத்துக்கொண்டேதான் இருக்கும், பொரித்து வரும் புழு குருத்துக்குள்ளோ காம்பு மூடிக்கு அடியில் காய்க்குள்ளோ போய்த் துளையை எச்சத்தால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் எந்த மருந்தும் அதை எட்டாது. அதனால் வாடிய குருத்தைக் கிள்ளி, சொத்தைக் காயையும் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். அதைச் செய்யாமல் பொறியை மட்டும் நம்பினால் பணம் வீண்.

எக்டேருக்கு 12 பொறி என்பது கணக்கு, என் முப்பது சென்டுக்கு இரண்டு போதுமாக இருந்தது. செடியின் தலைக்குச் சற்று மேலே நிற்கும்படி கட்டினேன், செடி வளர வளர ஏற்றிக் கட்ட வேண்டும். குறை என்றால் தண்ணீர்தான். வெயில் நாளில் சீக்கிரம் வற்றிவிடுகிறது, இரண்டு நாள் மறந்தால் பொறி வெறும் டப்பா. தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கலந்துவிடுங்கள், இல்லையென்றால் விழுந்த பூச்சி ஏறிப் பறந்துவிடுகிறது. லூரை மாதம் ஒரு தடவை மாற்றுகிறேன்.

போன வருடம் கூடைக்குப் பாதி சொத்தை என்று கொட்டினேன். இந்தத் தடவை கால்வாசிகூட இல்லை. பூ வந்த பிறகுதான் மாட்டினேன், அது தாமதம். ஆடியில் நாற்று நட்ட பதினைந்தாம் நாளே மாட்டிவிடப் போகிறேன்.