காட்டுயிருக்கு ஒரு பங்கு: உயிலில் தொகையா, சதவீதமா, நிலமா?

போன மாதம் உயிலில் கையெழுத்துப் போட்டேன். பெரும்பகுதி பிள்ளைகளுக்கு, ஒரு பங்கு காட்டுயிர்ப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றுக்கு. கொடுப்பது என்று முடிவெடுக்க ஒரு மாலை போதும். எந்த வடிவில் கொடுப்பது என்பதற்குத்தான் ஆறு மாதம் ஆயிற்று. வழக்கறிஞர் மூன்று வழி சொன்னார். ஒரு குறிப்பிட்ட தொகை. கடனும் செலவும் மற்றவர்களுக்குப் பேர் சொல்லி எழுதியதும் போக எஞ்சுவதில் ஒரு சதவீதம். அல்லது நிலம் மாதிரி ஒரு சொத்து. எஞ்சுவதில் 10 சதவீதம் என்று எழுதிவிட்டேன்.

உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். முடிந்தவர்கள் கொடுக்கட்டும். முதுமையில் மருத்துவச் செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் கையிருப்பை விட எனக்குத் துணிவில்லை. உயிலில் எழுதினால் கடைசிவரை பணம் என்னுடையது, மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம்.

தொகை எழுதுவது சுலபம். ஒரே வரி, யாருக்கும் குழப்பமில்லை. சிக்கல் காலத்தில்தான். உயில் எழுதுவது ஒரு நாள், அது பேசத் தொடங்குவது இருபது முப்பது வருடம் கழித்து. பணவீக்கம் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதி, 24 வருடத்தில் கால், 36 வருடத்தில் அரைக்கால். ஒரு வனக் காவலரின் பத்து வருடச் சம்பளம் என்று கணக்குப் போட்டு 50 வயதில் எழுதிய தொகை, 86 வயதில் போய்ச் சேரும்போது ஒன்றேகால் வருடச் சம்பளத்துக்குத்தான் வரும், சம்பளம் விலைவாசியோடு ஏறினால். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உயிலைத் திருத்தினால் இது பிரச்சினையே இல்லை. நான் திருத்த மாட்டேன். இந்த உயிலையே எத்தனை வருடம் தள்ளிப்போட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடைசிக் காலத்தில் சொத்து கரைந்துபோனால், எழுதிய தொகை அப்படியே நிற்கும், சுருங்குவது பிள்ளைகளின் பங்கு. சதவீதம் என்றால் சொத்து வளர்ந்தால் வளரும், தேய்ந்தால் எல்லோருக்கும் சேர்ந்து தேயும். என் மனம் சாய்ந்தது இங்கேதான்.

சதவீதத்துக்கும் குறை உண்டு. கடன் முதலில் தின்பது எஞ்சிய சொத்தைத்தான், மிஞ்சாவிட்டால் நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. அப்புறம், வீட்டை விற்றுக் கணக்கு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பங்குதாரர் என்ற முறையில் நிறுவனம் கணக்கையும் கேட்கலாம். குடும்பக் கணக்கை வெளியாள் பார்ப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருந்தால் இதை முன்பே பேசிவிடுவது நல்லது.

நிலம் எழுதிவைத்த அனுபவம் எனக்கில்லை, விசாரித்ததைச் சொல்கிறேன். காட்டை ஒட்டியோ விலங்குகளின் வழித்தடத்திலோ இருக்கும் நிலத்துக்குத் தனி மதிப்பு. இப்படி எதையும் ஒட்டாமல் தனியாகக் கிடக்கும் துண்டு நிலத்துக்கு வேலி, காவல், வரி, களைச்செடி என்று செலவு மட்டும் மிஞ்சும், நிறுவனம் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். அதனால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட வேண்டும். நீங்களே பின்னால் அதை விற்றுவிட்டால் பொதுவாக அந்த வரிக்கு உயிலில் வேலையில்லை.

வாரிசுகளுக்குக் கட்டாயப் பங்கு வைத்திருக்கும் நாடுகளில் இந்தக் கணக்கே மாறும். பிரான்சில் ஒரு பிள்ளை இருந்தால் பாதிச் சொத்தும், இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கும் பிள்ளைகளுக்கு. மீதியில்தான் உங்கள் விருப்பம்.

எந்த வடிவமானாலும் பெயரில் கோட்டை விடக்கூடாது. 1961இல் வேர்ல்டு வைல்ட்லைஃப் ஃபண்ட் என்று தொடங்கிய அமைப்பு 1986இல் வேர்ல்டு வைட் ஃபண்ட் ஃபார் நேச்சர் ஆனது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் பழைய பெயரே நிலைத்தது. பழைய உயிலில் வெறும் பெயர் இருந்தால் எந்த நாட்டு அமைப்பு என்று நிறைவேற்றுபவர் தலையைச் சொறிவார். நான் முழுப் பெயர், பதிவு எண், 'அல்லது இதன் பணியைத் தொடரும் அமைப்பு' என்ற மூன்றையும் சேர்த்தேன்.

எதற்குச் செலவிட வேண்டும் என்று இறுக்கவும் இல்லை. முதலில் ஒரே ஒரு விலங்கின் பெயரைத்தான் எழுத நினைத்தேன். காங்கோவின் கரம்பா தேசியப் பூங்காவில் வாழும் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு என்று 1985இல் ஒருவர் எழுதியிருந்தால், இன்று அங்கே அந்த வகையே கிடையாது. சூடான் என்ற கடைசி ஆண் 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது, மிஞ்சியவை இரண்டு பெண்கள். அதனால் 'அமைப்பின் பொதுப் பணிகளுக்கு' என்று எழுதி, என் விருப்பத்தைத் தனிக் கடிதமாக வைத்தேன். அது அவர்களைக் கட்டுப்படுத்தாது.

பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். பெரியவன் கேட்டது ஒன்றே ஒன்று: "எஞ்சியது எவ்வளவு என்று கணக்குப் போடப்போவது யாரு?" யார் என்று சொன்னேன், உயில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.