பீனோ ஆல்பம்: இருபது ஆண்டுகள் கேட்ட பிறகு

"கிட்டார் கற்க வேண்டுமா? முதலில் இதைக் கேள்" என்று 2004இல் நண்பர் ஒருவர் ஒரு சிடியைக் கையில் திணித்தார். கிட்டார் இன்றுவரை எனக்கு வசப்படவில்லை. அந்த சிடி கீறல் விழுந்து ஓய்ந்துபோய், இன்னொன்று வாங்கி, பிறகு இசைத்தட்டுக்கு மாறி, இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலேய ப்ளூஸ் பாடகரும் இசைக்குழுத் தலைவருமான ஜான் மேயால், கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனோடு பதிவு செய்த 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன்' ஆல்பம்தான் அது. 1966 ஜூலையில் டெக்கா நிறுவனம் வெளியிட்டது. அட்டைப் படத்தில் நான்கு பேர் சுவரோரம் உட்கார்ந்திருக்க, கிளாப்டன் மட்டும் கேமராவைச் சட்டை செய்யாமல் 'பீனோ' என்ற சிறுவர் சித்திரக்கதை இதழைப் புரட்டிக்கொண்டிருப்பார். அதனால் ரசிகர்களுக்கு இது 'பீனோ ஆல்பம்'.

கிளாப்டனுக்கு அப்போது 21 வயது. லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி, மேடையில் வைக்கும் அதே சத்தத்தில்தான் ஸ்டூடியோவிலும் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். காரணம் இருந்தது. ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள் திணறுமளவுக்குச் சத்தம் ஏறினால்தான் சுரம் கொழுத்து, உடனே தேயாமல் நீண்டு நிற்கும். தயாரிப்பாளர் மைக் வெர்னான் ஒப்புக்கொண்டார். கிட்டார் மற்ற வாத்தியங்களின் மைக்குகளுக்குள்ளும் புகுந்தது. அந்தக் கசிவால்தான் பாட்டுகள் ஒரே அறையில், ஒரே மூச்சில் நடப்பதுபோலக் கேட்கின்றன.

என் முதல் சிடி ஸ்டீரியோ. வாத்தியங்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். ஹெட்போனில் கேட்டால் ஒரு காது நிரம்பி, மறு காது பட்டினி கிடக்கும். 1966இல் வந்த, எல்லா வாத்தியமும் ஒன்றாக ஒலிக்கும் மோனோ வடிவத்தைப் பின்னாளில் கேட்டபோதுதான் முகத்தில் அறைந்தது. வாங்குவோருக்கு என் பரிந்துரை மோனோதான், யோசிக்கவே வேண்டாம்.

குறையும் உண்டு. ரே சார்ல்ஸின் 'வாட்'ட் ஐ சே' பாட்டில் ஹ்யூகி ஃப்ளின்ட் வாசிக்கும் டிரம்ஸ் தனி. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது காபிக்கு எழுந்து போகிறவர்களைத் திட்டுகிறவன் நான். இங்கே நானே எழுந்துவிடுகிறேன். நல்ல வேளை, இசைத்தட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு அது. ஊசியைத் தூக்கித் தட்டைத் திருப்பிப் போட்டுவிடலாம்.

முதல் சில ஆண்டுகள் மேயாலின் குரலும் எனக்கு இடைஞ்சலாகவே பட்டது. மெலிந்த, மேல் ஸ்தாயியில் அலையும் குரல். 'ஆல் யுவர் லவ்' பாட்டை அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ஓட்டிஸ் ரஷ் பாடிக் கேட்டவர்களுக்கு இவர் பாடுவது சோகையாகத் தோன்றும். அதனால் குரலைப் பொறுத்துக்கொண்டு கிட்டாருக்காகக் காத்திருப்பேன்.

'ஹேவ் யூ ஹேர்ட்' அதை மாற்றியது. ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டு. சாக்ஸஃபோன்கள் மெல்ல நகர்கின்றன, மேயால் புலம்பிக்கொண்டே போகிறார், திடீரென்று கிட்டார் கிழித்துக்கொண்டு வருகிறது. நூறு தடவை கேட்டிருந்தும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறேன். ஒருநாள் கிட்டாரை விட்டுவிட்டு, அதன் பின்னால் ஒலிப்பதைக் கேட்டேன். இசைக்குழுத் தலைவரான மேயால் அவசரப்படாமல், நிறைத்துவிடாமல், இடம் விட்டுக்கொண்டே போகிறார். அந்த இடத்தில்தான் இளைஞன் பாய்கிறான்.

அதன்பின் எல்லாமே வேறாகக் கேட்டது. 'அனதர் மேன்' பாட்டில் கிட்டாரே இல்லை. மேயாலின் மவுத் ஆர்கனும் குரலும்தான். முன்பு தாண்டிச் சென்ற பாட்டு, இன்று தேடிப் போடுகிறேன். ராபர்ட் ஜான்சனின் 'ராம்ப்ளின் ஆன் மை மைண்ட்' பாட்டைக் கிளாப்டனைப் பாடச் சொல்லிவிட்டு, மேயால் பியானோவில் உட்கார்ந்துகொள்கிறார். கிளாப்டன் முன்னணிக் குரலில் பாடிப் பதிவான முதல் பாட்டு அது. கூச்சமான குரல். பியானோ அதைக் கைபிடித்து நடத்துகிறது.

அந்த ஆண்டே கிளாப்டன் 'கிரீம்' குழுவுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் கிட்டார் வாசிக்க மேயால் பீட்டர் கிரீனைக் கொண்டுவந்தார், அவர் போனதும் மிக் டெய்லரை.

2024 ஜூலையில் மேயால் 90 வயதில் காலமான செய்தி வந்த இரவு, நேரே இரண்டாம் பக்கத்தைப் போட்டேன், அந்தப் பியானோவுக்காக.