எலுமிச்சையின் அடிமரத்தில் விட்டமானி: மூன்று கோடை அனுபவம்

புளியங்குடிப் பக்கம் செம்மண் நிலத்தில் சொட்டுநீர் போட்டு வளர்க்கும் எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில், நான்கு மரங்களுக்கு விட்டமானி பொருத்தி மூன்று கோடைகள் கடந்துவிட்டன. அடிமரத்தின் பருமன் கூடிக் குறைவதை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து அரை மணிக்கு ஒருமுறை கைபேசிக்கு அனுப்பும் கருவி இது.

மரம் தினமும் இளைத்துப் பருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. வெயில் ஏற ஏற இலைகள் விடும் நீராவிக்கு வேர் தரும் நீர் ஈடுகொடுக்காதபோது, பட்டைக்கு உட்புறத் திசுக்களில் இருக்கும் நீரை மரம் எடுத்துக்கொள்வதால் பிற்பகலில் அடிமரம் ஒடுங்கி, இரவில் மீண்டும் ஊறி, விடியலை ஒட்டி முழுப் பருமனுக்கு வருகிறது. விடியல் அளவுக்கும் பிற்பகல் அளவுக்கும் உள்ள வித்தியாசமே அன்றைய சுருக்கம்.

சுருக்கம் கூடினால் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லித்தான் கருவியை விற்றார்கள். முதல் ஆண்டு ஆனி மாதத்தில் மேல்காற்று வீசத் தொடங்கியதும் சுருக்கம் 0.12 மில்லிமீட்டரிலிருந்து 0.20 வரை போயிற்று. நானும் மூன்று நாள் கூடுதலாகத் தண்ணீர் விட்டேன். பிறகு மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்தால், கையில் பிடித்தால் உருண்டை திரளும் அளவுக்கு மண் ஈரமாகவே இருந்தது. வறண்ட காற்று அடிக்கும் நாளில், வயிறு நிறையக் குடித்த மரமும் அப்படித்தான் சுருங்கும். அதன்பின் ஒரு மரத்துக்கு மட்டும் கூடுதல் சொட்டுவான்கள் வைத்து, நீர்ப் பஞ்சமே அறியாத மரமாக அதை வளர்த்து, மற்ற மூன்றின் சுருக்கத்தை அதன் சுருக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறேன்.

இரண்டாம் ஆண்டு கற்ற பாடத்துக்கு விலை அதிகம். பூ எடுப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிட்டிருந்தோம். பத்து நாள் வரை ஏறிய சுருக்கம், பிறகு தானாகவே இறங்கியது. மரம் பழகிக்கொண்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். உண்மையில் இலைத் துளைகள் மூடி, பட்டையில் எடுப்பதற்கு நீரும் மிச்சமில்லாததால்தான் சுருக்கம் குறைந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கே இலைகள் சுருண்டு நின்றதைப் பார்த்துத்தான் விழித்தேன். இளங்கொப்புகள் சில காய்ந்துபோயின. பழைய பதிவுகளைப் புரட்டியபோது, விடியல் அளவு நாள்தோறும் கீழிறங்கி வந்தது தெளிவாகத் தெரிந்தது. இப்போது காலையில் கைபேசியை எடுத்தால் முதலில் பார்ப்பது விடியல் அளவைத்தான்; இரவு முழுவதும் ஊறியும் மரம் முந்தைய நாள் பருமனைத் தொடவில்லை என்றால், அதற்கு நீர் போதவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

பொருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. வெயில் படாமல் வடபுறம் பொருத்துமாறு கையேடு சொல்கிறது. அது எங்கோ வடக்கே உள்ள நாட்டுக்குப் பொருந்தும். இங்கே சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை நண்பகல் சூரியனே வடக்கில்தான் நிற்கிறது. கருவியின் சட்டகம் சூடேறி விரிந்தால் அளவு கெடும் என்பதால், காய்ந்த மேற்பட்டையை மெல்லச் சுரண்டிப் பொருத்தி, சுற்றிலும் அலுமினியத் தாள் கட்டினேன். அந்தத் தாளுக்குள் சிற்றெறும்பு கூடு கட்டி, கைபேசியில் ஒரு மரத்தின் அளவைக் காட்டும் கோடு இரண்டு வாரம் ஆடாமல் அசையாமல் நேராக ஓடியது தனிக் கதை.

காய் நிறைந்திருக்கும் மாதங்களில் நீர் போதுமான அளவு இருந்தாலும் அடிமரம் பருப்பது மந்தமாகும். மழையில் பட்டை நனைந்தாலும் பருமன் கூடியதுபோல் காட்டும். நான்கு மரங்களை வைத்து முழுத் தோட்டத்தையும் சொல்லிவிட முடியாது. ஐந்தாவது வரிசையில் அடைத்துக்கொண்ட சொட்டுவானைக் கண்டுபிடிக்க நடந்துதான் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் கடந்த கோடையில், விடியல் அளவு தொடர்ந்து நான்கு நாள் இறங்கியதும் வாடவிடுவதை நிறுத்தித் தண்ணீர் திறந்தோம். ஒரு கொப்பும் காயாமல் பூ வந்தது.