ஃபைனல் இயர்: வீடா போர்டிங்கா, இப்பவா பிறகா, கொழும்பா திருமலையா

சித்தின்ர மகள் போன கிழமை வட்ஸ்அப்பில ஒரு வொயிஸ் போட்டிருந்தாள், நாலரை நிமிசம். கேட்டு முடியிறதுக்குள்ள பிளேன்ரீ ஆறிப்போச்சு. விசயம் இதுதான்: ஃபைனல் இயர் தொடங்குது, மூண்டு ரிப்பீட் (ஃபெயிலான பாடத்தைத் திரும்ப எழுதுறது) கிடக்கு, ரிசர்ச்சுக்கு தலைப்பு குடுக்கோணும், ஊர் கட்டைபறிச்சான்ல இருந்து ஒவ்வொரு நாளும் போய் வாறதோ இல்ல திருகோணமலை கம்பஸ் இருக்கிற கோணேசபுரிப் பக்கம் ரூம் எடுக்கிறதோ, ட்ரெயினிங்குக்கு கொழும்பு போனா நல்லமோ, "அண்ணா நீங்க எப்பிடி செய்தனீங்க எண்டு சொல்லுங்கோ".

நான் செய்ததைச் சொன்னா, அவள் அதுக்கு மாறாச் செய்தாலே போதும். என்ர பட்ச் முடிச்சு பத்து மாசம் கழிச்சுத்தான் நான் முடிச்சனான். இத்தனைக்கும் ஃபைனல் இயர்ல ஒரு பேப்பர் கூட ஃபெயில் இல்ல. அவளுக்கு பதில் டைப் பண்ணத் தொடங்கி அது நீண்டு நீண்டு போனதால இஞ்சயும் போடுறன், வேற ஆருக்கும் உதவலாம்.

நான் ஒப்பிடுற முறை ஒண்டுதான். எந்த வழியை எடுத்தாலும் எங்கயோ பிந்தத்தான் போகுது, பிந்தாத ஃபைனல் இயர் எண்டு ஒண்டை நான் இன்னும் காணேல்ல. அந்தப் பிந்தல் என்ர கையில இருக்கோ, வேற ஆற்றயும் மேசையில கிடக்கோ எண்டதைத்தான் பார்க்கோணும். என்ர சோம்பலால ரெண்டு கிழமை பிந்தினா நாலு இரவு முழிச்சு பிடிச்சிடலாம், இன்னொரு ஆள் கையெழுத்து வைக்காமப் பிந்தினா நான் முழிச்சிருந்து என்ன பிரியோசனம்.

முதல்ல ரிப்பீட். இப்ப ஜூனியர்ஸோட இருந்து எழுதுறதா, இல்ல எல்லாத்தையும் முடிச்சிட்டு ஆறுதலா எழுதுறதா? ஆறுதலா எழுதுவம் எண்டு சொல்லுறவங்கட நியாயம் எனக்கு விளங்குது, ஃபைனல் இயர் பாடமே மலை மாதிரி, அதுக்குள்ள செகண்ட் இயர் அக்கவுண்டிங்கையும் தூக்கி வச்சா ரெண்டும் போயிடும் எண்ட பயம். ஆனா ரிப்பீட் நீங்க நினைச்ச நேரம் வராது, அந்த செமஸ்டர் ஜூனியர் பட்ச்சுக்கு வரேக்க மட்டும்தான் வரும், அதாவது வருசத்தில ஒருக்கா, அதுவும் நாடு ஒழுங்கா ஓடினா. 2020ல கொரோனா, 2022ல பெற்றோலும் இல்ல கரண்டும் இல்ல, 2024 மே மாசம் தொடங்கின கல்விசாரா ஊழியர் ஸ்ட்ரைக் ரெண்டு மாசத்துக்கு மேல இழுபட்டது. இதில எதுவுமே படிக்கிற பிள்ளையின்ர பிழை இல்ல, ஆனா பிந்தினது அந்தப் பிள்ளைதான். அதுக்குள்ள வேலை கிடைச்சு கொழும்பில இருப்பீங்க, ஒரே ஒரு பேப்பருக்காக லீவு கேட்டு, இரவு ரெயின்ல வந்து இறங்கி, சிலபஸ் மாறின கதையே அப்பதான் தெரியவரும்.

இன்னொண்டு, கணக்கைப் பாருங்கோ. பல கம்பஸில ரிப்பீட் எழுதினா என்னதான் வெளுத்து வாங்கினாலும் ஆகக்கூடினது சி தான், அதாவது 2.00. மூண்டு கிரெடிட் பாடத்தில ஈ (0 பொயிண்ட்) எடுத்திருந்து அதை சி ஆக்கினா கூடுறது 6 பொயிண்ட், 120 கிரெடிட்டால பிரிச்சா ஜிபிஏ (எல்லாப் பாடத்தின்ரயும் சராசரிப் பொயிண்ட்) 0.05 ஏறும். அவ்வளவுதான். அதால ரிப்பீட்டுக்கு உயிரைக் குடுத்து படிக்கத் தேவையில்ல, பாஸ் பண்ணுற அளவுக்கு படிச்சிட்டு கதவைச் சாத்தோணும். என்ர தீர்ப்பு: இப்பவே எழுது. ஒரே நாளில ரெண்டு பேப்பர் மோதினா மட்டும் ஃபைனல் இயர் பேப்பருக்கு முதலிடம், ஏனெண்டா அது முதல் தரம் எழுதுறது, அதுக்குத்தான் முழு கிரேட் கிடைக்கும்.

காய்ச்சலோட போய் எழுதுறதா மெடிக்கல் சேர்ட்டிபிக்கேட் குடுக்கிறதா எண்டும் கேட்டிருந்தாள். மெடிக்கலை ஏற்றுக்கொண்டா அடுத்த முறை எழுதுறது முதல் தரமாத்தான் கணக்கு, சி எண்ட மூடி விழாது. ஆனா அதுக்கும் ஒரு வருசம் பார்த்திருக்கோணும், நாள் தவறிக் குடுத்தா ஏற்கவும் மாட்டினம். நிக்கேலுமெண்டா போய் எழுது.

டிகிரியில கிளாஸ் எடுக்க ஓடுறதா, வெறும் பாஸ் போதுமா எண்டது அவரவர் மனசு, எண்டாலும் ஓட முதல் ஒருக்கா கல்குலேட்டரை எடுங்கோ. ஹொனர்ஸ் டிகிரி 120 கிரெடிட், கிளாஸ் (செகண்ட் லோவர்) எண்டா 3.00, செகண்ட் அப்பர் எண்டா 3.30, ஃபர்ஸ்ட் எண்டா 3.70. மூண்டு வருசத்தில 90 கிரெடிட் முடிச்சு 3.20ல நிக்கிற பிள்ளை அப்பருக்குப் போக கடைசி 30 கிரெடிட்டிலயும் சராசரியா 3.60 எடுக்கோணும். பி பிளஸ் எண்டா 3.30, ஏ மைனஸ் எண்டா 3.70, ஆக கிட்டத்தட்ட எல்லாப் பாடமும் ஏ மைனஸ். முடியாதெண்டில்ல, ஆனா கொழும்பில முழு நேர ட்ரெயினிங்கும் செய்துகொண்டு முடியாது. ஒரு பாடம் ரிப்பீட் எண்டாலே கிளாஸ் இல்லை எண்ட விதியும் சில இடங்களில இருக்கு, ஹாண்ட்புக்கை எடுத்து நீங்களே வாசியுங்கோ, சீனியர் சொன்னது எண்டு நம்பாதீங்கோ (நான் உட்பட).

இனி ரிசர்ச், என்ர பத்து மாசமும் போன இடம். ஆள் தேடிப் போய் கேள்விக்கொத்து குடுக்கிறதா, இல்ல ஏற்கனவே வெளியிட்ட தரவை எடுத்து செய்யிறதா? நான் இந்த ரெண்டையும் விட்டிட்டு மூண்டாவதா ஒரு புத்திசாலித்தனம் செய்தன், ஒரு அலுவலகத்தின்ர உள் தரவை வச்சு செய்வம் எண்டு. கம்பஸ் கடிதத்தோட போனன். முதல் கிழமை "ஐயா லீவு". பிறகு "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு". பிறகு "தம்பி வர முதல் ஒரு கோல் எடுத்திட்டு வாங்கோ", கோல் எடுத்தா ஆரும் தூக்கேல்ல. நாலாவது மாசம் ஒரு நாள் அந்த மேசைக்கு முன்னால நிக்கேக்க பார்த்தன், என்ர கடிதம் மேசைக் கண்ணாடியில கிடக்கு, அதுக்கு மேல தேத்தண்ணிக் கோப்பை வச்ச மண்ணிற வட்டம், ஒண்டில்ல, மூண்டு. அண்டைக்குத்தான் தலைப்பை மாத்தினன். தலைப்பு மாத்தினா ப்ரொபோசல் திரும்ப, சுப்பர்வைசரின்ர கையெழுத்து திரும்ப, எல்லாம் முதல்ல இருந்து.

என்ர ரூம்மேட் கேள்விக்கொத்து பக்கம். உப்புவெளி நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ்காரரிட்ட கேக்கிற தலைப்பு, கேட்ட உடனே எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. லிஸ்ட் எடுத்தா 200 இடம், எத்தனை பேரிட்ட கேக்கோணும் எண்டு சொல்லுற மோர்கன் டேபிளைப் பார்த்தா 200க்கு 132 பேர் வேணும். அவன் கேள்விக்கொத்து அடிச்சு பைல்ல போட்டுக்கொண்டு இறங்கின மாசம் மார்கழி. எங்கட பக்கத்தில டூரிஸ்ட் சீசன் எண்டா சித்திரைக்குப் பிறகு தொடங்கி புரட்டாதியோட அடங்கும், மார்கழியில வாடைக்காற்றும் மழையும், நிலாவெளி ரோட்டில பாதி கேட் பூட்டு, திறந்து கிடந்த இடத்திலயும் காவலுக்கு நிக்கிற ஐயாதான், அவர் பாவம் "நான் இஞ்ச நாய்க்கு சாப்பாடு வைக்கிறனான் தம்பி" எண்டு சொல்லியிருக்கிறார். நனைஞ்ச கேள்விக்கொத்து 41 வந்தது. மிச்சத்துக்கு வைகாசியில திரும்பப் போனான், அப்ப முதலாளிமாருக்கு மூச்சு விட நேரமில்ல. கடலோட சம்பந்தப்பட்ட தலைப்பு எதுவும் இப்பிடித்தான், நீர்கொழும்பு சிலாபத்து மீன்பிடிகாரர் வந்து வாடி (தங்குற கொட்டில்) போடுற மாசம் வேற, நீங்க டேட்டா எடுக்க ஃப்ரீயா இருக்கிற மாசம் வேற.

மூண்டாவது ஆள், எங்கட பட்ச்சிலயே அமைதியான பெட்டை, கொழும்பு பங்குச் சந்தையில இருக்கிற பத்து ஹோட்டல் கொம்பனியின்ர அஞ்சு வருச அறிக்கையை இறக்கி 50 வரி எக்ஸல்ல தட்டினாள். ஒருத்தரிட்டயும் கெஞ்சேல்ல. கரண்ட் இருந்தா வேலை, இல்லாட்டி நித்திரை. மத்திய வங்கி அறிக்கை, தொகைமதிப்புத் திணைக்களத்துத் தரவு எல்லாமே அப்பிடித்தான், வீட்டில இருந்தே எடுக்கலாம். குறை என்னெண்டா எல்லாரும் அதே தலைப்பைத்தான் செய்யினம், வைவாவில (வாய்மொழிச் சோதினையில) "ஏன் இந்த மாறியை எடுத்தனீங்க" எண்டு கேட்டா பழைய தீசிஸைப் பார்த்து கொப்பி பண்ணினவைக்கு வேர்க்கும். அவள் வாசிச்சிருந்தாள், வேர்க்கேல்ல. நேரத்துக்கு முடிச்சது எங்கள் மூண்டு பேரில அவள் மட்டும்தான். (நியாயமாச் சொன்னா, இண்டைக்கும் ஆக்கள் கேட்டு வாங்கி வாசிக்கிறது ரூம்மேட்டின்ர தீசிஸைத்தான். முடிக்கிறதுதான் நோக்கமெண்டால் அது வேற கதை.)

கேள்விக்கொத்துதான் வேணுமெண்டு அடம்பிடிச்சா கிட்டத்தில இருக்கிற, வருசம் முழுக்க இருக்கிற ஆக்களை எடுங்கோ. பக்கத்துப் பள்ளிக்கூடங்களில மொத்தம் 100 ஆசிரியர் எண்டா அதே டேபிள்படி 80 பேர் போதும், அதை ரெண்டு கிழமையில முடிக்கலாம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்ர (SLQF) கணக்குப்படி ரிசர்ச்சில ஒரு கிரெடிட்டுக்கு 100 மணித்தியாலம், 6 கிரெடிட் எண்டா 600, எட்டு மாசத்துக்கு பிரிச்சா கிழமைக்கு 17 மணித்தியாலம் கிட்ட வரும். அதில கேட் தட்டுறதுக்கு எத்தனை குடுக்கப்போறீங்க எண்டு நீங்களே முடிவெடுங்கோ.

வீடா போர்டிங்கா எண்டா, அம்மாட சமையலும் காசு மிச்சமும் ஒரு பக்கம், ரோட்டு மறுபக்கம். கட்டைபறிச்சான்ல இருந்து மூதூர், கிண்ணியா, டவுன், பிறகு நிலாவெளி பஸ். 2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முதல் பாதையில (வாகனமும் ஏத்துற மிதவையில) ஏறிக் கடந்த ஆக்களோட ஒப்பிட்டா நாங்க சொகுசுதான், எண்டாலும் நான் ஒரு செமஸ்டர் அப்பிடிப் போய் வந்தனான், விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட்டா பின்னேரம் வந்து சேரேக்க லப்டொப்பைத் திறக்க கை வராது, கடைசி லெக்சரை விட்டிட்டு ஓடாட்டி பஸ்ஸைப் பிடிக்கேலாது, இருட்டினா யானைப் பயம் வேற. பஸ் பிந்தினா காலை லெக்சர் போகும், இப்பிடிச் சிந்திச் சிந்தியே 80 வீத வரவு உடையும். போர்டிங்கில காசு போகும், சாப்பாடு பாணும் பருப்பும் எண்டு ஆகும், ஆனா சுப்பர்வைசர் "இப்ப ஃப்ரீ, வாரும்" எண்டு மெசேஜ் போட்டா பத்து நிமிசத்தில நிக்கலாம். அந்த ஒரு மெசேஜுக்காகவே போர்டிங். உப்புவெளிப் பக்கம் எடுத்தா மட்டும் முதலே கதைச்சு எழுதி வாங்குங்கோ, சீசன் தொடங்கினா வீட்டுக்காரருக்கு உங்கட முகத்தைவிட வெள்ளைக்காரற்ற முகம் வடிவாத் தெரியும்.

சுப்பர்வைசர் விசயத்திலயும் இதே கதைதான். பேர் போனவர் நல்லவர்தான், ஆனா வருசத்தில பாதி கூட்டம், வெளிநாடு. கதவு திறந்து கிடக்கிற இளம் லெக்சரரைப் பிடிச்சா ஒரு சப்டர் ஒரு கிழமையில திரும்பி வரும்.

ட்ரெயினிங், கொழும்பு எண்டா சீவியில பளபளப்பு, அலவன்ஸ் கொஞ்சம் கூட, பிறகு அங்கயே வேலைக்கு எடுத்தாலும் எடுப்பாங்க. திருமலையில பாங்க், துறைமுகம், சீனக்குடாவில மா ஆலையும் சீமெந்து ஃபக்டரியும், ஹோட்டல்கள், அலவன்ஸ் கைச்செலவுக்கே காணாது. தீசிஸுக்கு டேட்டா எடுத்து முடிச்சிட்டீங்களெண்டால் கண்ணை மூடிக்கொண்டு கொழும்பு போங்கோ, எழுதுறதை வெள்ளவத்தை ரூமில இருந்தும் எழுதலாம். டேட்டா இல்லாமப் போனவங்களை நான் பார்த்திருக்கிறன், திங்கள் ஒபிஸ், சனி நித்திரை, ஞாயிறு உடுப்புத் தோய்க்கிறது, ஆறு மாசம் முடிய ஒபிஸ்காரர் "நிக்கிறீரோ" எண்டு கேப்பாங்க, சம்பளம் கையில வரும், தீசிஸ் எண்ட சொல்லைக் கேட்டாலே கோபம் வரும்.

குப்பி (பிள்ளையள் கூடியிருந்து ஒருத்தர் மற்றவைக்குச் சொல்லிக்குடுக்கிறது) போறதா தனியப் படிக்கிறதா எண்டதுக்கு பெரிசா எழுத ஒண்டுமில்ல. குப்பி விளக்கைச் சுத்தி இருந்து படிச்ச காலத்தில வந்த பேர், இப்ப விளக்கும் இல்ல, பாதி நேரம் படிப்பும் இல்ல. ரிப்பீட் பாடத்துக்கு குப்பி, ஃபைனல் இயர் பாடத்துக்கு தனிய. நீங்க சொல்லிக்குடுக்கிற ஆளா இருந்தா மட்டும் எல்லாக் குப்பிக்கும் போங்கோ, மற்றவைக்கு விளங்கப்படுத்தேக்கதான் எனக்கு எந்த இடம் விளங்கேல்ல எண்டு எனக்கே தெரிஞ்சது.

இவ்வளவத்தையும் டைப் பண்ணி நேற்று இரவு அவளுக்கு அனுப்பினன். ரெண்டு நீல டிக் விழுந்தது, பத்து நிமிசம் டைப்பிங் டைப்பிங் எண்டு காட்டினது, பிறகு ஒரே ஒரு வரி வந்தது: "சரி அண்ணா, போர்டிங்குக்கு அம்மாட்ட நீங்கதான் கதைக்கோணும், ஆனா தலைப்பு முந்தாநாளே குடுத்திட்டன், நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ் பற்றி."

டேட்டா எப்ப எடுப்பாய் எண்டு கேட்டன்.

"மார்கழி லீவில."

உடனே கோல் எடுத்தன்.