16 ஜிபி ரேம் இருந்தும் நோட்பேட் திறக்கவில்லை

இந்த மேசைக் கணினி என்னிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அதில் நான்கு வருடம் அதற்கு ஒரு வினோத வியாதி இருந்தது. காலையில் நன்றாக ஓடும். பிரவுசர், மெயில், இரண்டு மூன்று எக்செல் கோப்புகள், ஒரு படம் திருத்தும் மென்பொருள் என்று எதைக் கேட்டாலும் திறக்கும். ஏதோ ஒரு கட்டத்தில், இதற்கு மேல் முடியாது என்று உட்கார்ந்துவிடும். ஐகானை அழுத்தினால் மவுஸ் பக்கத்தில் வட்டம் இரண்டு சுற்று சுற்றும், அப்புறம் காணாமல் போகும். பிழைச் செய்தியும் வராது, ஜன்னலும் வராது. நோட்பேட் கூடத் திறக்காத நாட்கள் உண்டு.

உண்மையில் அது ஒரு வியாதி இல்லை, மூன்று. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்ததால்தான் இத்தனை வருடம் பிடித்தது.

முதலாவது நானே வரவழைத்துக்கொண்டது. கணினி வாங்கியபோது 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது துணைக்கு விண்டோஸ் வட்டில் வைத்துக்கொள்ளும் கோப்பு) அணைத்து வைத்தால் எஸ்எஸ்டியின் ஆயுள் கூடும் என்று எங்கோ படித்துவிட்டு, முதல் வாரமே அணைத்துவிட்டேன். சில மாதங்களில், நினைவகம் குறைவாக இருக்கிறது, கோப்புகளைச் சேமித்துவிட்டு நிரல்களை மூடுங்கள் என்று விண்டோஸ் கெஞ்ச ஆரம்பித்தது. நினைவகம் குறைவு என்றால் ரேம் வாங்க வேண்டும், அவ்வளவுதானே? இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாள் அமைதி. பிறகு பிரவுசரில் டேப்கள் பெருகியதும் அதே செய்தி மறுபடி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ரேமில் 5 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கும்.

விஷயம் அதே திரையிலேயே, கொஞ்சம் கீழே இருந்தது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் திறந்தால் ‘கமிட்டட்’ என்று ஒரு வரி, சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு எண்கள். பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான் இது. நிரல்கள் தங்களுக்குத் தேவைப்படலாம் என்று தோன்றும் அளவுக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கின்றன. ஆள் இன்னும் உட்காரவில்லை, ஆனால் இடம் போய்விட்டது. யார் துண்டு போட்டாலும் அந்த இடத்தைக் கட்டாயம் தருவேன் என்று விண்டோஸ் உறுதி கொடுத்தாக வேண்டும். அந்த உறுதிக்கு உச்சவரம்பு, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகை. பேஜ் ஃபைலை அணைத்திருந்த என் கணினியில் ரேம் மட்டும்தான் வரம்பு. இரண்டு எண்களும் நெருங்கியதும் கதவு மூடிவிடும், உள்ளே எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும்.

பேஜ் ஃபைலை மறுபடி இயக்கி, அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அந்தச் செய்தி அன்றோடு நின்றது. எஸ்எஸ்டி இன்றுவரை உயிரோடுதான் இருக்கிறது. யாருக்காவது இதே செய்தி வந்தால், ரேம் வாங்கும் முன் இந்த வரியைப் பாருங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளுக்குள் 2004 என்ற எண்ணோடு ஒரு எச்சரிக்கை இருக்கிறதா என்றும் தேடலாம். அந்த நேரத்தில் அதிக இடம் பிடித்திருந்த நிரல்களின் பெயரை அதுவே எழுதி வைத்திருக்கும்.

சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். செய்திதான் தீர்ந்தது. திறக்க மறுப்பது தொடர்ந்தது.

இந்த இரண்டாவது வியாதிதான் என்னைப் படாத பாடு படுத்தியது. கமிட்டட் வரி பாதியில் நிற்கும், ரேம் பாதி காலி, சிபியு சும்மா இருக்கும். ஆனாலும் புதிதாக எதுவும் திறக்காது. வலது கிளிக் செய்தால் மெனு வராது, வந்தாலும் எழுத்தில்லாத வெறும் பெட்டியாக வரும். பிரவுசரில் புது ஜன்னல் திறந்தால் மேல்பட்டை இல்லாமல் மொட்டையாக வரும். நான் கவனித்திருக்க வேண்டிய முக்கியத் துப்பு இன்னொன்று. எதையாவது ஒன்றை மூடினால் வேறு ஒன்று திறக்கும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. வேகம் குறைந்த கணினி இப்படி நடந்துகொள்ளாது. எங்கேயோ ஒரு எண்ணிக்கை வரம்பை முட்டி நிற்கிறது என்பதன் அடையாளம் இது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

என்னென்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வைரஸ் சோதனை மூன்று விதம். கிராஃபிக்ஸ் டிரைவர் மாற்றம். கடைசியில் மனசு வெறுத்து ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். ஒன்பது நாள் சொர்க்கம். பத்தாவது நாள் மாலை, நோட்பேட் மறுபடி கைவிரித்தது. ஃபார்மட் செய்த கையோடு பழைய மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திரும்பப் போட்டிருந்தேன் என்பதை அப்போது யோசிக்கவே இல்லை.

வழி காட்டியது ஈவென்ட் வியூவர்தான். சிக்கல் வந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த நிமிடங்களில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்தேன். ஜன்னல்களைக் கவனிக்கும் வின்32கே என்ற விண்டோஸின் உள்பகுதியிலிருந்து 243 என்ற எண்ணோடு ஒரு வரி: டெஸ்க்டாப் ஹீப்பில் இடம் ஒதுக்க முடியவில்லை. அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன்.

திரையில் தெரியும் ஒவ்வொரு ஜன்னலுக்கும், ஒவ்வொரு மெனுவுக்கும் விண்டோஸ் ஒரு சிறு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப் புத்தகம் இருக்கும் இடம்தான் டெஸ்க்டாப் ஹீப். நாம் வேலை செய்யும் திரைக்கு, 64 பிட் விண்டோஸ் 7 முதல் அதன் இயல்பான அளவு 20,480 கேபி, அதாவது 20 எம்பி. ரேம் 8 ஜிபியாக இருந்தாலும் 64 ஜிபியாக இருந்தாலும் இதே 20 எம்பிதான். ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பார்களே, அதேதான். 32 பிட் எக்ஸ்பியில் இது வெறும் 3 எம்பி. அதற்கும் முன்னால், 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் இந்த வேலைக்கான இடங்கள் 64 கேபி துண்டுகளாக இருந்தன. புரோகிராம் மேனேஜரின் அபவுட் பெட்டியில் ‘சிஸ்டம் ரிசோர்சஸ்’ இத்தனை சதவீதம் மீதம் என்று காட்டும். இன்றைய விண்டோஸில் அப்படிக் கண்ணில் படும்படி எதுவும் கிடையாது. இதில் அந்தக் காலமே தேவலை.

அந்த 20,480ஐ மாற்ற முடியும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் செஷன் மேனேஜருக்குக் கீழே சப்சிஸ்டம்ஸ் என்ற இடத்தில் ஒரு நீண்ட வரி இருக்கிறது. அதற்குள் ‘ஷேர்டுசெக்‌ஷன்’ என்று 1024, 20480, 768 என மூன்று எண்கள். நடுவில் இருப்பதை 30720 ஆக்கினேன். அந்த வரியில் எழுத்துப் பிழை விழுந்தால் விண்டோஸ் மேலெழும்பாமலே போகலாம், எனவே முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். பலன்? பத்தாம் நாள் வந்த வியாதி பதினைந்தாம் நாள் வந்தது. ஒழுகும் இடத்தை அடைக்காமல் பாத்திரத்தை மட்டும் பெரிதாக்கியிருக்கிறேன். சில நூறு ஜன்னல்களை நிஜமாகவே திறந்து வைத்து வேலை செய்பவருக்கு இந்த மாற்றம் உதவும். எனக்கு உதவவில்லை. பிறகு பழைய எண்ணுக்கே திருப்பிவிட்டேன்.

குற்றவாளியைக் காட்டியது மறுபடியும் டாஸ்க் மேனேஜர்தான். டீட்டெயில்ஸ் பகுதியில் தலைப்பு வரிசை மீது வலது கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் போனால் கீழே யூசர் ஆப்ஜெக்ட்ஸ், ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ், ஹேண்டில்ஸ் என்று மூன்று இருக்கும். முதலாவது ஜன்னல், மெனு போன்றவற்றின் எண்ணிக்கை; இரண்டாவது திரையில் வரைய உதவும் தூரிகை, எழுத்துரு போன்றவை; மூன்றாவது நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பு முதலியவற்றுக்கான பிடிகள். மூன்றையும் டிக் செய்து, யூசர் ஆப்ஜெக்ட்ஸைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். பிரவுசர்தான் முதலில் வரும் என்று நினைத்தேன். வந்தது பிரிண்டரோடு வந்த குட்டி உதவி நிரல். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மை அளவைக் காட்டுமே, அது. அதுவும் ஒன்றில்லை, ஏழு பிரதிகள். ஒவ்வொன்றிடமும் ஆயிரக்கணக்கில் ஆப்ஜெக்ட்கள்.

நான் கணினியை அணைப்பது அபூர்வம். இரவில் தூங்க வைப்பேன், காலையில் எழுப்புவேன். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அந்த உதவியாளர் தன்னைப் புதிதாக ஒருமுறை கிளப்பிக்கொண்டிருக்கிறார், பழையவரை வீட்டுக்கு அனுப்பாமல். பத்து நாள் கணக்கு இப்போது புரிந்தது. அவரை மட்டும் நீக்கினேன். டிரைவர் தனியாக இருந்தாலே அச்சு வரும். ரெஜிஸ்ட்ரி, ஃபார்மட், ரேம் எதுவும் தராத நிம்மதியை அந்த ஒரு நீக்கம் தந்தது.

ஜிடிஐ பற்றி ஒரு வார்த்தை, அதையும் யூசர் ஆப்ஜெக்ட்ஸையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு நிரல் இயல்பாக வைத்துக்கொள்ளக்கூடிய ஜிடிஐ ஆப்ஜெக்ட்கள் 10,000, யூசர் ஆப்ஜெக்ட்களும் 10,000. ஜிடிஐ 10,000ஐத் தொட்டால் முதலில் அடிபடுவது அந்த நிரல்தான். பட்டன்கள் கறுப்பாகும், படங்கள் பாதி வரும். என் பழைய படம் திருத்தும் மென்பொருள் இப்படித்தான் அடிக்கடி முகம் கறுக்கும். அதை மூடித் திறந்தால் போதும், மற்றவை பாதிக்கப்படாது. எல்லா நிரலும் சேர்ந்து தடுமாறினால் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

மூன்றாவது வியாதி சின்னது, ஆனால் என் தன்மானத்தைச் சீண்டியது. ஒரு பேக்கப் மென்பொருளின் பின்னணிச் சேவை, ஹேண்டில்ஸ் வரிசையில் 4 லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. சில ஆயிரம் என்றால் சாதாரணம். சரி, ஷட் டவுன் செய்தால் போய்விடும் என்று முறைப்படி அணைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் எண் அப்படியே இருக்கிறது! டாஸ்க் மேனேஜரில் சிபியு பகுதியில் ‘அப் டைம்’ 23 நாள் என்றது. நேற்றிரவுதானே என் கையால் அணைத்தேன்?

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல், இந்த வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது நம் நிரல்கள்தான் மூடப்படுகின்றன. உள்மையமும் டிரைவர்களும் பின்னணிச் சேவைகளும் அப்படியே வட்டில் உறைய வைக்கப்பட்டு, மறுநாள் உறைந்த இடத்திலிருந்தே எழுகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் உண்மையில் புதிதாகத் தொடங்கும். அணைத்துப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டேன். பேக்கப் மென்பொருளின் புதிய பதிப்பில் ஹேண்டில் ஏறுவது நின்றுவிட்டது.

மடிக்கணினியில் லினக்ஸ் வைத்திருக்கிறேன். அங்கே இதே கதைக்கு வேறு முகம். திறந்த கோப்புகள் அதிகமாகிவிட்டன என்று ஒரு நிரல் முரண்டு பிடித்தது. ‘யூலிமிட்’ கட்டளையில் பார்த்தால் வரம்பு 1024. உயர்த்தினேன், முடிந்தது. ஒரே ஒரு உபகாரம், எது தீர்ந்துபோனது என்று லினக்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. விண்டோஸில் பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரிகிறது.

கடைசி இரண்டு வருடமாக அந்த மூன்று வரிசைகளும் என் டாஸ்க் மேனேஜரில் நிரந்தரமாக இருக்கின்றன. வாரம் ஒருமுறை கண்ணோட்டம் விடுவேன். இப்போது இதை எழுதும்போது 31 ஜன்னல்கள் திறந்திருக்கின்றன, யூசர் ஆப்ஜெக்ட்ஸில் முதலிடத்தில் இருக்கும் நிரலிடம் 1,100 சொச்சம். நஷ்டம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். மை தீர்ந்துபோனது, பக்கம் வெளிறி வந்த பிறகுதான் தெரிகிறது.