டாப்ஸ்லிப், பறம்பிக்குளம் ஒருநாள் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருப்பூர், காங்கேயம், ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்ஸ்லிப், பறம்பிக்குளம் சஃபாரி, கோழிகமுத்தி யானை முகாம், கவியருவிக் குளியல், கிராஸ் ஹில்ஸ் (புல்மலை) நடை, அனுபவமுள்ள வழிகாட்டி, காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்துத் தலைக்கு 1,900 ரூபாய். நாங்கள் குடும்பத்தோடு ஆறு பேர் போனோம். டாப்ஸ்லிப் மண்ணை மிதித்தோம் என்பதைத் தவிர, சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை. பணம் போனது கூட ஒரு நாள் ஆறிவிடும். அந்த வழிகாட்டி எங்கள் குழந்தைகளைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்ட விதம் ஆறவே ஆறாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இதே மாதிரி விளம்பரத்தைப் பல பேர் போடுகிறார்கள் என்று பொள்ளாச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். எனவே பெயரை விட, அவர்கள் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

இந்தப் பயணம் எங்கள் அப்புச்சிக்காக, அதாவது அம்மாவின் அப்பாவுக்காகப் போட்டது. வெள்ளகோவில் பக்கம் பி.ஏ.பி. (பறம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) கடைமடையில் விவசாயம் பார்த்தவர். பறம்பிக்குளத்தில் தேங்கும் தண்ணீர் தூணக்கடவு வழியாக வந்து, சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்து, மலையை ஒட்டிய கால்வாயில் திருமூர்த்தி அணைக்குப் போய், அங்கிருந்துதான் நம் பக்கத்து வாய்க்காலுக்கு வருகிறது. நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிற அந்தத் தண்ணீருக்குக் காத்திருந்தே அவர் காலம் போனது. 2022 செப்டம்பரில் பறம்பிக்குளம் அணையின் ஷட்டர் உடைந்து தண்ணீர் வீணாகப் போனபோது, டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்த மனுசன். "அந்த டேமை ஒருக்கா கண்ணுல பாத்துப்போடோணும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவரையும் அமுச்சியையும் (அம்மாவின் அம்மா) கூட்டிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம், கூட என் பையனும் தங்கச்சி மகளும்.

பாதித் தொகை முன்பணம். ஒரு தனியாளின் ஜிபே எண்ணுக்குத்தான் அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு "வண்டில ஏறும்போது குடுத்துருவமுங்க" என்றார்கள். சஃபாரிக்கு முன்பதிவு ஆகிவிட்டதா என்று நான் எழுதிக் கேட்டதும், "கன்ஃபர்ம்" என்று அவர்கள் பதில் எழுதியதும் இன்னும் என் போனில் இருக்கிறது.

ஐந்து மணிக்கு வரவேண்டிய டெம்போ டிராவலர் ஆறரைக்கு வந்தது. பொள்ளாச்சியில் டிபன் என்று ஒரு மணி நேரம். அப்புறம் ஆனைமலை போகும் வழியில் காட்டுத்தேன், தைலம், சாக்லேட் விற்கிற கடையில் முக்கால் மணி நேரம். வண்டியை எடுக்கச் சொல்லிக் கேட்டால், "சஃபாரி நம்ம போனாத்தானுங்க்கா கெளம்பும்" என்றார் வழிகாட்டி. சேத்துமடை சோதனைச்சாவடிக்குப் போனபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது.

அங்கே நுழைவுக் கட்டணம் என்று எல்லோரிடமும் கையில் பணம் வாங்கினார். பேக்கேஜில் சேர்த்தி என்று சொன்னீர்களே என்றதற்கு, அது வண்டிக்கு மட்டுமாம். இறங்கிப் போய்ப் பலகையைப் பார்த்தேன். எங்களிடம் வாங்கியது அதில் போட்டிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வனத்துறை கொடுத்த சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், கடைசி வரை காட்டவில்லை.

மேலே போனதும் அவர் சொன்னது, "பறம்பிக்குளம் மூடிட்டாங்க தாத்தா, ரோட்டுல யானை நிக்குதாமா." அப்புச்சி ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கிருந்த வனத்துறை ஊழியர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "தொறந்துதானுங்க இருக்குது. ஞாயித்துக்கெழம காலைலயே சீட்டு தீந்துருமுங்க. உங்களுக்கு புக்கிங் இருக்குதுங்களா?" என்று கேட்டார். எங்கள் பெயரிலோ அந்த நிறுவனத்தின் பெயரிலோ எந்தப் பதிவும் கிடையாது. யானை முகாமுக்குப் போகும் வனத்துறை வண்டிக்கும் யாரும் சீட்டு எடுத்து வைத்திருக்கவில்லை.

இங்கேதான் எல்லோரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பறம்பிக்குளம் கேரளாவில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் சாலை வழியாக நம் டாப்ஸ்லிப்பைத் தாண்டித்தான் போக முடியும். ஒருநாள் பார்வையாளர்கள் ஆனப்பாடியில் வண்டியை நிறுத்திவிட்டு, கேரள வனத்துறையின் பேருந்தில், அவர்களே அனுப்பும் வழிகாட்டியோடுதான் உள்ளே போக வேண்டும். கன்னிமாரா தேக்கு, தூணக்கடவு, பறம்பிக்குளம் அணை எல்லாம் அந்தச் சுற்றில் வருபவை. டாப்ஸ்லிப்பிலிருந்து கோழிகமுத்தி முகாமுக்குப் போவதும் தமிழக வனத்துறையின் வண்டியில்தான். நம் ஆனைமலைக் காட்டில் தேசியப் பூங்கா என்று 1989ல் அறிவிக்கப்பட்டது கரியன் சோலை, கிராஸ் ஹில்ஸ், மஞ்சம்பட்டி ஆகிய மூன்று பகுதிகள். அதில் கிராஸ் ஹில்ஸுக்கு வனத்துறையின் சிறப்பு அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. ஆக, காட்டுக்குள் நடக்கும் எதையும் தனியார் யாரும் சொந்தமாக விற்கவே முடியாது. அவர்களால் தரக்கூடியது வண்டியும் சாப்பாடும்தான். மீதிக்கு நமக்காக முன்பதிவு செய்து, அந்தச் சீட்டைக் கையில் தர வேண்டும். சீட்டு இல்லையென்றால் சஃபாரியும் இல்லை, யார் எப்படிப் பேசினாலும் சரி.

அந்த உள்வழிகாட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறம்பிக்குளத்தில் அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் காடர், மலசர், மலைமலசர், முதுவர் மக்கள். எந்த மரத்தில் மலை இருவாச்சி கூடு வைக்கும், யானை எந்த நேரம் தண்ணீருக்கு இறங்கும் என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். முறையாகச் சீட்டு வாங்கிப் போனால் அந்தப் பணத்தில் அவர்களுக்கும் கூலி உண்டு. இடையில் இப்படிப்பட்ட ஆட்கள் புகுந்து கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போவது அவர்கள் பிழைப்பிலும் கை வைக்கிற வேலை.

எங்களோடு வந்தவருக்குக் காட்டைப் பற்றி எதுவும் தெரியவில்லை. ஹியூகோ வுட் கல்லறை எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வெட்டி மொட்டையாகிக் கிடந்த மலையில் மறுபடி தேக்கை வளர்த்த வன அதிகாரி அவர். 1933ல் இறந்தார், டாப்ஸ்லிப்பில்தான் புதைத்திருக்கிறார்கள். வழிகாட்டி அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. சிங்கவால் குரங்கு இருக்குமா என்று பையன் கேட்டதற்கு, நாட்டுக் குரங்கு ஒன்றைக் காட்டி அதுதான் என்றார். அதற்கு பிஸ்கட் போடவும் சொன்னார். காட்டு விலங்குக்குத் தீனி போடக்கூடாது என்று பக்கத்திலேயே பலகை இருந்தது.

நாங்கள் கத்திய பிறகு, "சஃபாரிக்குப் பதிலா ஜீப் சவாரி ஏற்பாடு பண்றேன்" என்றார். அதற்குத் தலைக்கு 300 தனியாக. மலையை விட்டு இறக்கி, சேத்துமடைக்குக் கீழே தென்னந்தோப்புக்குள்ளும் வாய்க்கால் கரையிலும் பச்சை பெயின்ட் அடித்த ஜீப்பில் அரை மணி நேரம் சுற்றினார்கள். எங்கள் ஊரில் இல்லாத தோப்பா! அமுச்சிக்குக் குலுங்கிக் குலுங்கி இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

அடுத்து கவியருவி. குரங்கு அருவி என்று நாம் சொல்வது அதுதான். அது டாப்ஸ்லிப் பாதையில் இல்லை, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையில் ஆழியாறு அணையைத் தாண்டி இருக்கிறது. ஆழியாறு சோதனைச்சாவடியில் நீர்வரத்து அதிகம், குளிக்கத் தடை என்று எழுதி வைத்திருந்தார்கள். தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது தடை வருவதும், கோடையில் அருவியே வற்றுவதும் வழக்கமானதுதான். இந்தத் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. விளம்பரத்தில் போட்டிருந்த பெரிய அருவிப் படத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது அதிரப்பள்ளி. திருச்சூர் மாவட்டத்தில் சாலக்குடி ஆற்றில் இருப்பது, இந்தப் பயணத் திட்டத்திலேயே கிடையாது.

சோதனைச்சாவடியிலிருந்து வண்டியைத் திருப்பி, "கூட்டமே இல்லாத எடம் ஒண்ணு இருக்குதுங்க்கா, கொழந்தைங்க சூப்பரா வெளையாடலாம்" என்று ஒரு தோப்பு வழியாக ஓடைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போனார். பாறைக்கு நடுவே முழங்கால் அளவுத் தண்ணீர், பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. எச்சரிக்கைப் பலகை இல்லை, கயிறு இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. எல்லாக் குழந்தைகளையும் இறங்கச் சொல்லிவிட்டு அவர் வண்டிக்குப் போய்விட்டார். வானம் வெளுத்துத்தான் கிடந்தது, எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தன. அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடி வந்து கத்தினார்: "ஏனுங், மேல மழைங்! தண்ணி நெறம் மாறுது பாருங்! கொழந்தைகள மேல ஏத்துங் மொதல்ல!" என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு ஏறினார். பாசிப் பாறையில் ஒருமுறை வழுக்கி முட்டியில் அடி. மற்ற குடும்பங்களும் அலறிக்கொண்டு ஏறின. எல்லோரும் கரைக்கு வந்த கொஞ்ச நேரத்துக்குள், பையன் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை. செம்மண் கலந்த தண்ணீர் அதற்கு மேலே சுழித்துக்கொண்டு போனது. அந்தப் பெரியவர் மட்டும் அங்கே இல்லையென்றால், என்று நினைக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை நடுங்குகிறது. வழிகாட்டி வந்து பார்த்துவிட்டுச் சொன்னது, "அதான் ஒண்ணும் ஆகலீங்களே."

மலையடிவாரத்துப் பள்ளங்களில் இது எந்த நாளும் நடக்கக்கூடியது. மேலே வால்பாறைப் பக்கம் பெய்கிற மழை, கீழே வெயில் அடிக்கும்போதே இறங்கி வரும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, பொருளை எடுக்கக்கூட நிற்காமல் மேடேற வேண்டும். திருமூர்த்திமலைப் பஞ்சலிங்க அருவியிலும் இதே காரணத்துக்குத்தான் அடிக்கடி தடை போடுகிறார்கள். தடை போட்ட இடத்துக்கு மாற்றாக வேறு இடம் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வண்டியை விட்டே இறங்காதீர்கள். மலையில் ஒரே மழைதான் எல்லாப் பள்ளத்துக்கும்.

வீட்டுக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "இயற்கைச் சூழல் காரணமான மாற்றங்களுக்குப் பணம் திரும்பத் தரப்படாது" என்று ஒரே வரி பதில். முன்பதிவு செய்யாததற்கும் இயற்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், எண்ணைத் தடுத்துவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்த பிறகு ஜீப் காசு 1,800 மட்டும் திரும்ப வந்தது. பேக்கேஜ் காசு 11,400 பற்றிப் பேச்சே இல்லை.

பயணம் போடுகிறவர்கள் பணம் அனுப்பும் முன் சஃபாரிச் சீட்டை உங்கள் பெயரில் கேளுங்கள். வண்டி மஞ்சள் நம்பர் பலகைதானா என்றும் பாருங்கள், கேரள எல்லை தாண்ட அதற்கான பர்மிட்டும் வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் பாதைக்கு ஏஜென்ட்டே தேவையில்லை. பறம்பிக்குளத்துக்கு நீங்களே முன்பதிவு செய்துவிட்டு, விடியற்காலையில் பொள்ளாச்சியைத் தாண்டிவிட்டால் ஒரு நாள் போதும். கவியருவியை அதே நாளில் சேர்க்க வேண்டாம், மலையிறங்கிச் சுற்றிப் போவதற்குள் நேரம் ஓடிவிடும். அப்புச்சிக்கு நானே ஒரு வார நாளில் சீட்டுப் போட்டுவிட்டேன், அணையைப் பார்க்காமல் விடுவதாக இல்லை.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதே டெம்போவில் வந்த இரண்டு குடும்பங்கள் எங்களோடு சேர்ந்திருக்கின்றன. ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகவும் போட முடியும். இதே மாதிரி பேக்கேஜில் போய் ஏமாந்தவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், அன்று எடுத்த படங்கள் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். எங்களுக்கு வந்தது போன்ற அதிரப்பள்ளிப் படம் போட்ட விளம்பரம் உங்களுக்கும் வந்திருந்தால், எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதோடு எனக்குத் தனியாக அனுப்புங்கள், மனுவோடு சேர்க்கிறோம்.